பதிவாளரிடம் இருப்பதும் இல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவன ஆவணங்கள் தொலைந்தாலோ எரிந்தாலோ என்ன செய்வது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் போலீஸ் புகார், பிறகு நாளிதழில் விளம்பரம், அப்புறம் பிரமாணப் பத்திரம் என்று அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். பதிவுச் சான்றிதழுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையே இல்லை.

நிறுவனத்தின் பதிவு இருப்பது, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அதிகாரியான பதிவாளரின் ஏட்டில். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அதற்கான அத்தாட்சி மட்டுமே. அது எரிந்துபோனாலும் நிறுவனம் அப்படியேதான் இருக்கும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் 399ஆம் பிரிவைப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழானாலும், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சான்றிட்ட நகல் கேட்கலாம். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 1065ஆம் பிரிவில் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். கேட்பவர் இயக்குநராக இருக்க வேண்டியதில்லை. அசல் தொலைந்ததா என்ற கேள்வியே எழாது. பதிவாளர் சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் அசலுக்குச் சமம் என்றும் இரு சட்டங்களும் சொல்கின்றன. வங்கிக் கவுன்ட்டரில் “ஒரிஜினல் எங்கே?” என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு!

காசோலைப் புத்தகம், முத்திரை, இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (மின்னணுக் கையெழுத்து போடப் பயன்படும் சிறு கருவி) எல்லாம் சேர்ந்து திருடுபோயிருந்தால் போலீஸ் புகார் அவசியம். அப்போதும், காசோலைகளை நிறுத்திவைக்க வங்கிக்கும் டோக்கனை ரத்து செய்ய அதை வழங்கியவருக்கும் உடனே தகவல் போக வேண்டும்.

கட்டுரை தொடாமல் விட்டது, பதிவாளரிடம் போகாத ஆவணங்களை. காகிதப் பங்குச் சான்றிதழ் தொலைந்தால் மாற்றுச் சான்றிதழ் தர வேண்டியது நிறுவனமேதான். தொலைந்ததாகச் சொல்லும் பங்கு எங்காவது அடமானத்தில் இருக்கலாம் என்பதால், பிரமாணப் பத்திரம், ஈட்டுறுதி (பின்னால் இழப்பு வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தரும் உறுதி) எல்லாம் இங்கே நியாயமாகவே கேட்கப்படும். பங்குதாரர்களின் விவரங்கள் உள்ள உறுப்பினர் பதிவேடு அழிந்துபோனால், தாக்கல் செய்த ஆண்டு ரிட்டர்ன்கள், பங்கு ஒதுக்கீட்டுப் படிவங்கள், பங்கு மாற்றுப் பத்திரங்கள் ஆகியவற்றை வைத்து வரி வரியாகத் திரும்ப எழுதலாம்.

கூட்டங்களில் நடந்ததையும் முடிவானதையும் எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகம்தான் உண்மையான தலைவலி. பதிவாளருக்குப் போன சிறப்புத் தீர்மானங்கள், கணக்குத் தொடங்கும்போது வங்கிக்குக் கொடுத்த தீர்மான நகல்கள், தணிக்கையாளரின் கோப்பு என்று ஒவ்வொரு இடமாகத் தேடிச் சேர்க்க வேண்டும். கிடைக்காதது கிடைக்காததுதான். சிலர் புதுப் புத்தகம் வாங்கி, பத்து வருடக் கூட்டங்களை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதி, பழைய தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும், அது மோசடியும்கூட. ஏடு அழிந்த விவரத்தை இயக்குநர் குழுவில் பதிவு செய்து, மீட்டெடுத்த பக்கங்களில் ‘மீட்டெடுத்தது’ என்றே இன்றைய தேதியுடன் குறிக்க வேண்டும்.

இந்த ஏடுகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டால் சிறு நிறுவனங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நிறுவனச் செயலர் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் வாசகர்