முன்முனையில் ஒருவர் நிற்கட்டும்

ஆசிரியருக்கு,

பாய்மரப் படகில் பவளத் தீவுகளைச் சுற்றுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் ஜிபிஎஸ்ஸும் மின்னணு வரைபடமும் வந்துவிட்டதால் இனி பவளப்பாறைக்குப் பயப்பட வேண்டாம் என்ற வரியை விட்டுவிட முடியவில்லை. சரக்குக் கப்பலில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நான், இப்போது நண்பரின் படகில் தென் பசிபிக் தீவுகளுக்குப் போய்வருகிறேன். முன்முனையில் நின்று தண்ணீரைப் பார்ப்பதுதான் அதில் என் வேலை.

நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சரியாகத்தான் சொல்கிறது. பாறை எங்கே என்று சொல்ல வேண்டியது வரைபடம். அந்தப் பக்கத்துத் தீவுகள் சிலவற்றின் வரைபடத்துக்கு அடிப்படை, 19-ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எடுத்த அளவுகள். ஆழமான தண்ணீரில் நிம்மதியாக நங்கூரமிட்டிருப்போம். திரையோ படகு தரைமேல் நிற்பதாகக் காட்டும்.

வரைபடம் சரியாக இருந்தாலும் ஆபத்து உண்டு. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியான வால்வோ ஓஷன் பந்தயத்தில் ஓடிய 'வெஸ்டாஸ் விண்ட்' படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கரஹோஸ் பவளத்திட்டில் இருட்டில் வேகமாகப் போய் ஏறியது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் திட்டு தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. அதில் இருந்தவர்கள் தேர்ந்த மாலுமிகள். நல்லவேளை, 9 பேரும் பிழைத்தார்கள்.

அதனால்தான் திரையோடு கண்ணையும் நம்புகிறோம். வெயில் உச்சிக்குப் பக்கத்திலும் நம் முதுகுப்புறமும் இருக்க வேண்டும்; ஏறக்குறைய காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை. கண்கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு பவளம் என்று தண்ணீர் பிரிந்து தெரியும். பழுப்பைப் பார்த்தால் கேள்வியே வேண்டாம், விலக வேண்டியதுதான். ஒரு மேகம் சூரியனை மறைத்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல். அப்போது படகை நிறுத்தி, மேகம் போகும்வரை காத்திருப்போம். பின்னால் சுக்கான் பிடித்திருப்பவருக்குச் சலிப்புத்தான், என்ன செய்வது!

நடுவில் கடல்நீர் தேங்கிய வளையத் தீவுக்குள், பவளத்திட்டின் இடைவெளியான வாய்க்கால் வழியாக நுழைவது இன்னொரு தலைவலி. பெரிய அலைகள் திட்டைத் தாண்டி உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால், கடல் ஏறி இறங்கும் நேரத்தைத் தரும் ஓத அட்டவணை என்ன சொன்னாலும் வாய்க்காலில் வெளிநோக்கிய நீரோட்டம் நிற்காது. எதிர்க்காற்றும் சேர்ந்தால் அலை செங்குத்தாக எழும்.

நங்கூரம் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. அதை மணலில்தான் போட வேண்டும். காற்று திரும்பும்போது கடலடியில் கிடக்கும் நங்கூரச் சங்கிலி பவளத்தைச் சுற்றிக்கொண்டு ஒடித்துவிடும், படகும் மாட்டிக்கொள்ளும். தென் பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் முத்துப் பண்ணை மிதவைகளைச் சங்கிலியில் இடைவெளிவிட்டுக் கட்டி, அதைக் கடலடியிலிருந்து தூக்கிவைக்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்கிறோம்.

கட்டுரையின் பயணத் திட்டத்தில் மாலை 6 மணிக்கு உள்ளே நுழைவதாக இருக்கிறது. வெப்பமண்டலத்தில் அந்தி வந்த வேகத்தில் போய்விடும். அந்த நேரத்தில் போய்ச் சேருகிறவர்கள் திட்டைவிட்டு நன்றாக விலகி, பாயைக் குறைத்துக்கொண்டு இரவு முழுக்க வெளியிலேயே கிடக்க வேண்டும். தயவுசெய்து அந்த நேரத்தைத் திருத்தி வெளியிடுங்கள்.

— ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்