புண்பட்டவரிடமும் அறிக்கையிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போதும், பாதிக்கப்பட்டவரிடம் சொல்லத் தேவையில்லை என்று கிறிஸ்தவர்கள் பலர் கருதுவது வேதனை தருகிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று பலிபீடத்தருகே நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றே இயேசு மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு 5:23, 24) கற்பித்தார். பழைய ஏற்பாட்டு நூலான எண்ணாகமம் 5:7 இன்னும் கறாரானது: பாவத்தை அறிக்கையிட்டு (அதாவது வாய்விட்டு ஒப்புக்கொண்டு), முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, இழந்தவருக்கே கொடுக்கச் சொல்கிறது, இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்பவரான சகேயுவோ தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு தர முன்வந்தார்.

ஆனால், நம்மைச் சந்திக்கவே அஞ்சுகிறவரை நம் மனச்சுமையை இறக்குவதற்காக மட்டும் நெருங்குவது அவருக்கு இரண்டாவது காயமாகிவிடும் என்பதால், அத்தகைய நிலையில் முதலில் போதகரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது. திருடிய பணத்துக்கும் பரப்பிய அவதூறுக்கும் இந்த விலக்கு பொருந்தாது. பணம் திரும்பிச் சேர வேண்டும், அவதூறை யாரிடமெல்லாம் சொன்னோமோ அவர்களிடமே மறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்