ஆர்.கே. நகர் என்றால் குக்கர் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னையில் உள்ள எங்கள் ஆர்.கே. நகர் தொகுதியைப் பற்றி யார் எழுதினாலும், 2017 இடைத்தேர்தலில் தினகரன் நின்ற குக்கர் சின்னமும், ஓட்டுக்குப் பணம் தர டோக்கனாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இருபது ரூபாய் நோட்டும் முதல் பத்தியிலேயே வந்துவிடுகின்றன. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான், படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையமே, ஜெயலலிதா மறைவால் வந்த இடைத்தேர்தலை ரத்து செய்தது, டிசம்பரில் மறுபடி நடந்தபோதும் ஊரெல்லாம் டோக்கன் பேச்சுதான். ஆனால் அந்தத் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சியான அதிமுக மீதும்தான் பணப் புகார் வந்தது, அந்தக் கட்சியே சுயேச்சையாக நின்ற தினகரனிடம் 40,707 ஓட்டில் தோற்றது, திமுகவுக்கு டெபாசிட் போனது. ஜெயலலிதாவுக்கே 2015 இடைத்தேர்தலில் ஒன்றரை லட்சம் ஓட்டு வித்தியாசம் கொடுத்த தொகுதி, அடுத்த வருஷம் அதை நாற்பதாயிரத்துக்குக் கீழே இறக்கியது. இந்த ஜனங்களை விலைபோனவர்கள் என்று ஒரே வரியில் முடிப்பது நியாயமே இல்லை.

என் கவலை வேறு. முன்பெல்லாம் கட்சி என்றால் தெருமுனைப் படிப்பகம், மன்றம், தொழிற்சங்கக் கொடி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் பின்னி ஆலைக்குப் போனவரும் காசிமேட்டு மீனவரும் அங்கே உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படித்து, கட்சிக்காரனை நேருக்கு நேர் திட்டுவார்கள், அவனும் கேட்டுக்கொண்டு மறுநாள் மாநகராட்சி ஆபீசுக்கு மனுவோடு போவான். 1996-ல் பின்னி ஆலை மூடப்பட்டது, சங்கங்கள் தேய்ந்தன, அப்புறம் படிப்பகங்களும் ஒவ்வொன்றாகப் போயின. இன்று வட்டச் செயலாளரிடம் இருப்பது வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்கிற பட்டியல். வேட்பாளர் ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டே போய்விடுகிறார், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டையும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையையும் பற்றி அவரை நிறுத்திக் கேட்க ஒரு இடம் இல்லை.

பணம் இந்த வெற்றிடத்தில்தான் நுழைந்தது என்பது என் எண்ணம். வாங்குகிறவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். சரி, கொடுத்தவர்கள் மேல் போட்ட வழக்குகள் என்ன ஆயின என்று உங்கள் நிருபர் தேடி எழுதட்டும், அப்படியே எந்தக் கட்சிக்கு எங்கள் தொகுதியில் தினமும் திறந்திருக்கும் ஒரு படிப்பகமாவது மிச்சம் என்றும் வார்டு வார்டாக விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகர்