இலைப் படங்கள் போதும்

நெவாத்திம், இஸ்ரேல்,
ஹெஷ்வான் மாதம், மழைக்கு முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மொத்தம் 41. உன் தம்பி சின்னவன் வந்து பெரிய திரையில் போட்டுக் காட்டினான். அவன் போன பிறகு நானே கைபேசியில் ஒவ்வொன்றாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மேப்பிள் இலை 19, வாசலில் சாமந்தித் தொட்டி 6, ஆப்பிள் தோட்டம் 5. மீதி பெரும்பாலும் பூசணிக்காய், அணில், ஏரித் தண்ணீர். நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். இலையை வெயிலுக்கு எதிரே வைத்து எடுத்தால்தான் நரம்பு தெரியும் என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டாய். உன் அப்பா இருந்திருந்தால் நாலு குறை சொல்லிவிட்டு, ஜெப ஆலயத்துக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டியிருப்பார்.

காலுறை போட்டுக்கொள்கிறாயா? அந்த ஊர்க் குளிர் தரையிலிருந்து ஏறுவது. சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடாதே.

பேத்தி போனில் எனக்குப் பாடம் எடுத்தாள். இலையின் மஞ்சள் கோடை முழுவதும் உள்ளேயே இருக்கிறதாம், பச்சை கழன்ற பிறகுதான் வெளியே தெரிகிறதாம். சிவப்பு அப்படி இல்லையாம், அதை மரம் இலையுதிர்காலத்தில் புதிதாகச் செய்கிறதாம். விழப்போகிற இலைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டேன். "அம்மாவிடம் கேட்கிறேன்" என்றாள். முன்பெல்லாம் இந்த மாதிரிக் கேள்விக்கு அவள் "அப்பாவிடம் கேட்கிறேன்" என்பாள். சும்மா சொன்னேன்.

இங்கே நிறம் மாற மரமே இல்லை, உனக்குத் தெரியாததா. பக்கத்து நகரம் பெயெர்ஷெபாவில் ஆண்டு முழுவதும் பெய்வதே 200 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். நமக்கு இலையுதிர்காலம் என்றால் ஹட்சாவ் பூதான். இந்த ஆண்டு சின்னவன் வடக்கே போனபோது பார்த்து, எனக்காகப் படம் எடுத்து வந்தான். ஓர் இலைகூட இல்லாமல், காய்ந்த தரையிலிருந்து மனிதன் உயரத்துக்கு வெள்ளைப் பூந்தண்டு. கீழிருந்து மேலாக, நாளுக்குக் கொஞ்சமாகப் பூக்கிறது. இலை வருவது மழைக்குப் பிறகு. எல்லாரும் அழகு என்கிறார்கள். எனக்கு அந்தப் பூவைப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டதில்லை.

விமானத் தளத்துச் சத்தத்தைப் பற்றி விசாரித்திருந்தாய். நாற்பது ஆண்டாகக் கேட்கிற சத்தம். பாதுகாப்பு அறையில் தண்ணீரும் மாத்திரையும் எப்போதும் இருக்கின்றன. அதை விடு.

குடில் படம் ஒன்றே ஒன்று அனுப்பியிருக்கிறாய். குடில் திருவிழாவான சுக்கோத்தின் ஏழு நாளுக்கும் ஒரே படம். முதல் இரண்டு நாளிலும் சபாத் ஓய்வுநாளிலும் படம் எடுக்கக் கூடாது, எடுக்கமாட்டாய், சரி. நடுநாட்களில் எடுக்கலாமே, அதற்குத் தடை இல்லையே. நம் வீட்டு ஆல்பத்தை வெளியாள் புரட்டினால் இந்தக் குடும்பத்துக்கு சபாத்தே கிடையாது என்றுதான் நினைப்பான். எல்லாம் சபாத் தொடங்குமுன் எடுத்த வெள்ளி மாலைப் படங்கள். தலை ஈரமாக நீங்கள் மூன்று பேரும், விரித்த மேசைத்துணி, ஏற்றாத விளக்கு. இல்லாவிட்டால் சனி இரவு, மூன்று நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்த பிறகு, ரொட்டித் துகளும் மெழுகும் சிந்திய மேசை. இடையில் நடந்த அவ்வளவும், பாட்டும் சண்டையும் தேங்காய்ப்பால் மீன்குழம்பும், எந்தப் படத்திலும் இல்லை. ஆனாலும் வெள்ளி மாலைப் படத்தில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். தட்டை எண்ணினால் போதும்.

உன் குடில் படத்துக்கு வருகிறேன். மேசைமேல் எத்ரோக் பழம், லூலாவ் ஓலை, இரண்டு சாமந்திப் பூ. ஆட்கள் இல்லை. கூரையில் போட்ட மூங்கில் பாய் இடப்பக்கம் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. போன ஆண்டுப் படத்தில் அது மட்டம் பார்த்துக் கட்டியிருந்தது. மாப்பிள்ளையின் உயரத்துக்கு ஏணிகூடத் தேவைப்படாது. இந்த ஆண்டு முடிச்சைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியை உள்ளே செருகியிருக்கிறது. ரோஜாக் கட்டுக்கு நான் உனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்த முடிச்சு. நாற்காலிமேல் ஏறி, எட்டாமல் எட்டிக் கட்டியிருக்கிறாய்.

மாப்பிள்ளைக்கு முதுகுவலியா? வேலையாக வெளியூர் போயிருந்தாரா? போயிருப்பார். எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை. வசந்தகாலத்துப் பெசாக் பண்டிகைக்குப் பிறகு உன் கடிதத்திலும் போனிலும் அவர் பெயர் வரவில்லை. வயதானவள், காதில் சரியாக விழாமலும் இருந்திருக்கலாம்.

உன் அக்கா கேட்டால் "அவள் நன்றாக இருக்கிறாள், பெரிய வேலை, அருமையாகப் படம் எடுக்கிறாள்" என்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். நாலு பிள்ளைகளோடு திண்டாடுகிறவளுக்குத் தன் கஷ்டத்தை என்னிடம் சொல்லத் தோன்றுகிறதே, உனக்கு அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லையே என்றும் இருக்கிறது. அவளிடமும் நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பூ மட்டும் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். இதை எழுதாமல் கடிதத்தை ஒட்டிவிடலாம் என்று இரண்டு நாளாக வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

1984இல் உனக்கு ஐந்து வயது. அந்தக் குளிர்காலம் அம்மா சின்னம்மா ஊரில் ரோஜாக் கூடத்தில் வேலை பார்த்தாள், ஐரோப்பாவில் பூவுக்குக் கிராக்கி, ஆள் போதவில்லை என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம்? வேலை பார்த்தது உண்மை. மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே விடியலில் வெட்டி, தண்டு 40, 50, 60 சென்டிமீட்டர் என்று பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, ஹாலந்தில் ஆல்ஸ்மீர் ஏலத்துக்கு விமானம் ஏற்றுவதற்குப் பெட்டி போட்டதும் உண்மை. ஆனால் நான் போனது வேலைக்காக இல்லை. ஹட்சாவ் பூத்த வாரம், நம் புத்தாண்டான ரோஷ் ஹஷனாவுக்கும் முன்னால், ஒரு பையோடு பஸ் ஏறினேன். திரும்பி வருவதாக எண்ணம் இல்லை.

உன் அப்பா என்னை அடித்ததில்லை, விரட்டியதில்லை. அவர்மேல் ஒரு வார்த்தை பழி வரக்கூடாது. நான்கு வயதில் கொச்சியிலிருந்து தூக்கிவரப்பட்டு, இந்த மணலில் இறக்கிவிடப்பட்டு, பத்தொன்பதில் கல்யாணம், பாட்டிக்குப் பயந்து, கோழிக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் முப்பத்துநான்கு வயது ஆகிவிட்டது. என் மூச்சு எனக்கே கேட்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது, காரணம் என்று சொல்லிக்கொள்ள அது போதாது.

அந்த சுக்கோத்தில் அப்பா தனியாகக் குடில் கட்டினார். நடுநாளில் உங்களை அதன் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கடிதம் இல்லை, படம் மட்டும். அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நீ ஈச்ச ஓலையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறாய். உன் நெற்றி முடியை அவரே வெட்டிவிட்டிருக்கிறார். ஒரு பக்கம் புருவம்வரை, மறுபக்கம் பாதி நெற்றியில் நிற்கிறது.

அந்தப் படத்துக்கு நான் பதில் எழுதவில்லை. சின்னம்மாவின் கேமராவை வாங்கி, 36 படம் கொண்ட ஒரு ரோல் முழுக்க ரோஜா எடுத்து, கழுவி உனக்கு அனுப்பினேன். ஒன்றில்கூட நான் இல்லை. உன்னிடம் முகத்தைக் காட்டினால் நீ கேள்வி கேட்பாய் என்று படத்துக்கே பயந்தேன். நீ அவற்றைக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டி, "எங்கம்மா பூவை விமானத்தில் ஏற்றுகிறாள்" என்று பாலர் பள்ளி முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாயாம். பாட்டியின் பாட்டு நோட்டில் உள்ள மலையாளப் பாட்டெல்லாம் உனக்கு மட்டும் எப்படி மனப்பாடம் என்று எல்லாரும் அதிசயப்படுவார்களே, அந்த ஆறு மாதமும் உன்னைத் தூங்கவைக்கப் பாட்டி பாடியவைதான் அவை. அக்காவுக்கு விவரம் தெரியும். அப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பூரிம் பண்டிகைச் சமயத்தில் வந்தேன். மூன்று நாள் நீ என் பக்கம் வரவில்லை. அப்பா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்தக் குடில் படம் என்னிடம்தான் இருக்கிறது, ஆல்பத்தில் ஒட்டவில்லை.

அதனால்தான் 41 படத்தையும் எண்ணினேன். என்னைப்போல நீ செய்துவிட்டாய் என்று சொல்லவில்லை. ஒருவேளை உன்னிடமிருந்து ஒருவர் போயிருக்கலாம், ஒருவேளை யாருமே போகாமல் வீட்டுக்குள்ளேயே விலகியிருக்கலாம், ஒருவேளை என் கண்புரைதான் காரணமாக இருக்கலாம். எதுவானாலும் என்னிடம் சொல்ல நீ கூச வேண்டியதில்லை. இந்த வீட்டில் முதலில் பை எடுத்துக்கொண்டு போனவள் நான்.

நேற்று இரவிலிருந்து ஜெப ஆலயத்தில் மழை கேட்க ஆரம்பித்துவிட்டோம். சுக்கோத் முடிந்த உடனே கேட்பதில்லை, ஹெஷ்வான் ஏழுவரை பொறுப்பது ஏன் என்று அப்பா ஒவ்வோர் ஆண்டும் உங்களுக்குச் சொல்வார், நீங்களும் முதல் முறை கேட்பதுபோலக் கேட்பீர்கள். எருசலேமுக்குத் திருவிழாவுக்கு வந்தவர்களில் கடைசி ஆள் யூப்ரடீஸ் நதியை அடையப் பதினைந்து நாள் ஆகும், அவன் நனையாமல் போய்ச் சேரட்டும் என்று. நேற்று மழை கேட்கும் அந்த வரி வந்தபோது பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது. பேத்தியின் பள்ளி விடுமுறை எப்போது என்று சின்னவனுக்கு எழுது. எனக்கு எழுதினாலும் சரி. உன் அறையில் ரோஜாத் தொட்டிகளை வைத்திருந்தேன், எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு அங்கே மணி நான்கு தாண்டியதுமே விளக்கேற்ற வேண்டியிருக்கும், பார்த்துக்கொள். காலுறை போடு. இலைப் படங்கள் போதும். வருகிற வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால், மேசையை விரித்துவிட்டுக் கைபேசியை அலமாரிமேல் சாய்த்து வை. பத்து விநாடி தாமதமாக எடுக்கும்படி வைக்கலாமாம், பேத்திக்குத் தெரியும். பிறகு ஓடிப்போய் நீயும் உட்கார். தலை ஈரமாக இருந்தால் பரவாயில்லை. யார் இருக்கிறார்களோ அவர்கள் உட்காரட்டும்.

அம்மா