மேப்பிள் மிட்டாய்ச் சாடியின் அருகே ஒரு சிறு அட்டை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதிகளில் நம் சிங்கப்பூரில் நடைபெறும் உழவர் சந்தைகளிலும் கைவினைச் சந்தைகளிலும் மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிய பாகில் செய்த மேப்பிள் மிட்டாய், அதே பாகில் புரட்டிய கொட்டைகள், மேப்பிள் ஃபட்ஜ் என்னும் பால் இனிப்பு போன்ற தின்பண்டங்களைப் பார்க்க முடிகிறது. அவற்றை நான் விரும்பி வாங்குபவள். அண்மையில் ஒரு சந்தையில் கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுத்த மேப்பிள் மிட்டாயை வாங்கியபோது, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். விற்றவர் அன்பாகவே பேசினார். ஆனால் 'கனடாவிலிருந்து வந்தது' என்பதைத் தவிர வேறு எதையும் அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டில் நீரிழிவு உள்ள அம்மா இருக்கிறார் என்றதும், 'இது இயற்கையானது, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்றார். அந்தச் சொல்தான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவில் வசிக்கும் என் அக்காவின் வீட்டில் மார்ச் மாதம் தங்கியிருந்தேன். இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் அந்தச் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் நீர் இறங்குகிறது. பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும் அந்த நீரில் சர்க்கரை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். மரத்தில் இடும் ஒரு துளையிலிருந்து ஒரு பருவம் முழுவதும் வடிவது அவ்வளவுக்கே காணும். பாகை மேலும் காய்ச்சி, தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்துக்குக் கொண்டு வந்து, ஆறவிட்டு, கைவலிக்கக் கிளறி அச்சில் ஊற்றினால் மிட்டாய் ஆகிறது. அதிரசத்துக்குப் பாகு பார்த்துப் பழகிய நம் வீட்டுப் பெண்கள் எவருக்கும் அந்தப் பதம் புதிதன்று. அங்குள்ள சனிக்கிழமைச் சந்தையில் மரத்தில் துளையிட்டவரே மேசைக்குப் பின்னால் நின்றார். எந்த வாரத்து நீர், ஏன் இந்தப் பாகு கறுத்திருக்கிறது, பொங்கி வரும் நுரையை அடக்க எதை விட்டீர்கள் என்று எதைக் கேட்டாலும் அவரிடம் விடை இருந்தது.

இங்கே அந்த மரமும் இல்லை, துளையிட்டவரும் இல்லை. அந்த விவசாயி வாயால் சொன்னதை இங்கே எழுத்துதான் சொல்ல வேண்டும். நம் உணவு விதிமுறைகளின்படி, முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்கும் உணவில் சேர்பொருள்கள் எடை வரிசையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் முன்னிலையில் நிறுத்தோ எண்ணியோ கொடுக்கப்படும் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் இந்த விலக்கு நியாயமானதுதான். ஆனால் மேப்பிள் போன்ற விலையுயர்ந்த பொருளில், உண்மையானதும் போலியும் ஒரே சாடிக்குள் ஒரே பெயரில் உட்கார்ந்துவிட இதுவே இடம் கொடுக்கிறது. கனடாவில் மேப்பிள் பாகு என்ற பெயரில் விற்கப்படுவது மேப்பிள் நீரைச் சுண்டக் காய்ச்சியதாக மட்டுமே இருக்க வேண்டும். பான்கேக் பாகு என்று விற்கப்படுபவையோ பெரும்பாலும் மக்காச்சோளப் பாகில் மணம் சேர்த்தவை. போலி மேப்பிள் மணத்துக்கு வெந்தயச் சாறு பயன்படுவதுண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இரண்டிலும் மணம் தரும் சேர்மம் ஒன்றே. ஆகவே முகர்ந்து பார்த்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நாம் நம்புவதற்கில்லை.

மணமூட்டிய மிட்டாயை விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மலிவான விலையில், அது இன்னதென்று சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் அதே பெயரில் அதே விலைக்கு அது விற்கப்படும்போது, நல்ல பாகை முறைப்படி இறக்குமதி செய்து, தன் கையால் மிட்டாய் செய்து விற்கும் சிறு வியாபாரிதான் முதலில் நட்டப்படுகிறார். இந்த ஈரக்காற்றில் அசல் மேப்பிள் மிட்டாய் சீக்கிரம் கசிந்து ஒட்டிக்கொள்ளும், கெடாமல் காக்கும் பதப்பொருள் சேர்க்காத பாகு திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதையெல்லாம் அறிந்து அக்கறையோடு விற்பவர்கள் அவர்கள்தாம்.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. மென்மிட்டாய்களில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும். ஃபட்ஜில் வெண்ணெயும் பாலேடும் இருக்கும். பாகு காய்ச்சும்போது நுரையடக்கப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தும் வழக்கமும் முன்பு இருந்தது. சைவ உணவுக்காரர்களும் முஸ்லிம் நண்பர்களும் கேட்காமலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இவை. நீரிழிவைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. மேப்பிள் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அதிலும் பெரும்பகுதி நாம் தேநீரில் போடும் அதே சுக்ரோஸ். நீரிழிவுக்கு எதிரான போரை 2016ஆம் ஆண்டு அறிவித்த நாட்டில், 'இயற்கை' என்ற ஒரு சொல்லை நம்பி முதியவர் ஒருவர் இதை அள்ளிச் சாப்பிடும் நிலை வரக்கூடாது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடைக்கு இடம் ஒதுக்கும்போதே, திறந்த சாடியில் விற்கும் மேப்பிள் பண்டம் ஒவ்வொன்றின் அருகிலும், பாகு அசலா மணமூட்டியதா, எந்த நாட்டிலிருந்து வந்தது, வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பதை எழுதிய அட்டை இருக்க வேண்டும் என்று சந்தை ஏற்பாட்டாளர்கள் நிபந்தனை விதிக்கலாம். நோய்க்கு நல்லது என்று சொல்லி விற்பதையும் தடை செய்யலாம். அட்டையில் நான்கு மொழிகளிலும் எழுத இடம் இல்லையென்றால், முதியவர்களுக்காக சேர்பொருள்களை மட்டுமாவது தமிழிலும் எழுதினால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்கு வரும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்