எபிசோடுக்குக் கீழே இரண்டு வரி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களிலும் தொலைக்காட்சி நிறுவனங்களிலும் எபிசோடுகளுக்குக் கதைச்சுருக்கம் எழுதும் நண்பர்களுக்கும், அந்த வேலையை அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு எபிசோடின் பெயருக்குக் கீழேயும் நீங்கள் எழுதும் இரண்டு வரியைத்தான் நாங்கள் முதலில் படிக்கிறோம். இயக்குநர் யோசித்து வைத்த முதல் காட்சிக்கும் முன்னால், எழுத்தாளர் பலமுறை அடித்துத் திருத்திய முதல் வசனத்துக்கும் முன்னால், கதை எங்களிடம் வந்து சேர்வது உங்கள் வழியாகத்தான். அவ்வளவு முக்கியமான இடத்தில் இருக்கும் அந்த வரிகள் பல நேரங்களில் அவசரமாக எழுதப்பட்டிருப்பது படித்தவுடனே தெரிந்துவிடுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. என் கோரிக்கை ஒன்றுதான்: எபிசோடு எந்தக் கேள்வியோடு தொடங்குகிறதோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், விடையைப் பார்க்கிறவருக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது நடப்பதில் இரண்டு விதமான தப்பு இருக்கிறது. ஒன்று, எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. நான் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு தளத்தில், ஒரு குடும்பத் தொடரின் கடைசிக்கு முந்தைய எபிசோடுக்குக் கீழே, மூத்த மகனின் இறுதிச் சடங்குக்காகக் குடும்பம் கூடுகிறது என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய எபிசோடின் கடைசி நிமிடம் வரை அந்த மகன் உயிரோடு இருக்கிறான். பட்டியலைத் திறந்தால் இரண்டு எபிசோடும் அடுத்தடுத்துதான் கண்ணில் படும். ஒன்றைப் பார்க்க வந்தவர் மற்றதைப் படிக்காமல் இருக்க முடியாது. எத்தனையோ மணி நேரமாகச் சேர்த்து வைத்த பதற்றம் எங்களுக்கு அங்கேயே தீர்ந்துபோனது.

இன்னொன்று, ஒன்றுமே சொல்லாமல் விடுவது. "ரகசியங்கள் வெளிவருகின்றன. உறவுகள் சோதனைக்கு உள்ளாகின்றன." இதை எந்தத் தொடரின் எந்த எபிசோடுக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். ஸ்பாய்லர், அதாவது கதையை முன்பே உடைத்துவிட்டார்கள் என்ற புகார் வந்துவிடுமோ என்ற பயத்தில் எழுதிய வரி இது. புதிதாகப் பார்க்க வருபவருக்கு இது ஆசையைத் தூண்டாது. பார்த்து முடித்த பிறகு, அந்த ஒரு எபிசோடை மறுபடி பார்க்கலாமே என்று தேடி வருபவருக்கும் வழி காட்டாது. என்னைக் கேட்டால் முதல் தப்பைவிட இது பெரியது, ஏனென்றால் இதை யாரும் தப்பு என்றே கருதுவதில்லை.

நல்ல சுருக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மிகப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1959 முதல் 1964 வரை வந்த ‘தி ட்வைலைட் ஸோன்’ என்ற அமெரிக்கத் தொடரில் மொத்தம் 156 எபிசோடுகள். அதில் 92 எபிசோடுகளை எழுதிய ராட் செர்லிங், தொடக்கத்தில் தன் குரலிலேயே கதையை அறிமுகப்படுத்துவார். கடைசி நிமிடத் திருப்பத்துக்குப் பெயர்போன தொடர் அது. அப்படி இருந்தும் அவர் கதை என்ன என்பதைச் சொல்லத் தயங்கியதே இல்லை. யார் இந்த மனிதர், இவருக்கு என்ன ஆசை, என்ன குறை என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். ‘டைம் இனஃப் அட் லாஸ்ட்’ என்ற 1959-ஆம் ஆண்டு எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்காகவே வாழும் ஒரு வங்கி ஊழியருக்குப் படிக்க நேரமே கிடைப்பதில்லை. வீட்டில் மனைவி விடுவதில்லை, வேலையிடத்தில் மேலதிகாரி விடுவதில்லை. சுருக்கம் இங்கே முடிந்துவிட வேண்டும். ஆள் தெரிந்துவிட்டது, ஏக்கம் தெரிந்துவிட்டது. இதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் எபிசோடு பாழாகிவிடும்.

ஆனால் எதை மறைப்பது என்பது தொடருக்குத் தொடர் மாறும். இதைத்தான் நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். துப்பறியும் கதை என்றால் கொலையாளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று பொதுவாக நினைக்கிறோம். ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் அந்த விதி செல்லாது. கொலையாளி யார் என்பதை எபிசோடின் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘மர்டர் பை தி புக்’கில், சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதும் இருவரில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிடுகிறார். இதைத் தாராளமாக எழுதலாம். கசங்கிய கோட்டு போட்ட துப்பறியும் அதிகாரி கொலம்போ எந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கொலையாளியிடம் போய்ச் சேர்கிறார் என்பதுதான் அங்கே பொத்திவைக்க வேண்டியது. கொலையாளி பெயரை மறைத்துவிட்டு, மாட்டிவைக்கும் தடயத்தைச் சொல்லிவிட்டால் பாதுகாத்ததும் வீண், சொன்னதும் வீண்.

நிகழ்ச்சிகளே குறைவாக இருக்கும் டிராமா எபிசோடுகளை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கும் என்று நினைக்கிறேன். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் 2010-இல் வந்த ‘ஃப்ளை’ அப்படி ஒன்று. ஆய்வகத்துக்குள் ஒரு ஈ புகுந்துவிடுகிறது; அதை ஒழிக்காமல் வேலையைத் தொடங்க முடியாது என்று கதாநாயகன் வால்டர் அடம்பிடிக்கிறார். கதை அவ்வளவுதான். செலவைக் கட்டுப்படுத்துவதற்காக ஒரே இடத்தில், பெரும்பாலும் இரண்டே நடிகர்களை வைத்து எடுத்த எபிசோடு அது. எழுதியவர்கள் சாம் கேட்லினும் மொய்ரா வாலி-பெக்கெட்டும். இயக்கியவர் ரியன் ஜான்சன். இப்படிப்பட்ட எபிசோடுக்குச் சுருக்கம் எழுதும்போது, "ஈயைப் பற்றி மட்டும் எழுதினால் யார் பார்ப்பார்கள்?" என்ற பயத்தில் உள்ளே மனிதர்கள் தயங்கித் தயங்கிப் பேசும் விஷயத்தை வெளியே இழுத்துப் போட்டுவிடத் தோன்றும். தயவுசெய்து ஈயோடு நின்றுவிடுங்கள். ஒரு ஈக்காக ஒரு மணி நேரமா என்ற ஆச்சரியமே எங்களை உள்ளே கூட்டிப்போகும்.

நகைச்சுவையில் உங்களுக்கு இன்னும் சுதந்திரம் உண்டு. சிரிப்பு வருவதற்குக் கதையின் தொடக்கம் தெரிந்திருப்பது பெரும்பாலும் தடையே இல்லை. சில நேரம் தெரிந்திருந்தால்தான் கூடுதலாகச் சிரிக்க முடியும். ஒரு ஹோட்டலில் நடக்கும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான ‘ஃபால்டி டவர்ஸ்’ மொத்தமே 12 எபிசோடுகள். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. அதில் ‘தி கிப்பர் அண்ட் தி கார்ப்ஸ்’ எபிசோடில், ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர் இரவில் இறந்துபோகிறார். மற்ற விருந்தினர்களுக்குத் தெரியாமல் உடலை வெளியேற்ற வேண்டும். இதைப் படித்தவுடன், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ‘சைன்ஃபெல்ட்’டின் ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ எபிசோடு இதையும் தாண்டிப் போகிறது. மூன்று பேர் உணவகத்தில் மேசை காலியாவதற்காகக் காத்திருக்கிறார்கள். 1991-இல் இதை ஒளிபரப்புவதற்கு முன், இதில் கதையே இல்லையே என்று என்பிசி தொலைக்காட்சி நிர்வாகிகள் தயங்கினார்கள். இப்போது அது நகைச்சுவைத் தொடர்களின் வரலாற்றில் தவறாமல் குறிப்பிடப்படும் எபிசோடு. கதை இல்லாதது போலத் தெரிவதையும் கதையாக மதித்து ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால், பார்வையாளர் அதைக் கடந்து போகமாட்டார்.

நகைச்சுவையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று கிளைக்கதைகள் தனித்தனியாக ஓடி, கடைசியில் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும் எபிசோடுகளில் அந்த முட்டலே நகைச்சுவை. ‘சைன்ஃபெல்ட்’டிலேயே 1994-இல் வந்த ‘தி மரைன் பயாலஜிஸ்ட்’டில், பழைய கல்லூரித் தோழியிடம் ஜார்ஜ் ஒரு கடல் உயிரியலாளர் என்று ஜெர்ரி சொல்லிவைக்கிறான், ஜார்ஜ் அந்தப் பொய்யைக் காப்பாற்றியாக வேண்டும். இது போதும். இன்னொரு நண்பன் கிரேமரின் கிளைக்கதையையும் அடுத்த வாக்கியத்தில் வைத்தால், இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கூர்மையான வாசகர் ஊகித்துவிடுவார். நீங்கள் முடிவைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் இரண்டு பாதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே முடிவைச் சொன்ன மாதிரிதான். எந்தக் கிளைக்கதையை விடுவது என்ற இந்தத் தேர்வு, முழு எபிசோடையும் பார்த்தவருக்கு மட்டுமே கைவரும்.

அனிமேக்கு, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்கு வந்தால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே அடுத்த எபிசோடின் முன்னோட்டத்தைத் தயாரிப்பாளர்களே இறுதியில் சேர்ப்பது நெடுநாள் பழக்கம். ‘யு-கி-ஓ’வில் ஒரு முறை, முக்கியமான பாத்திரம் சாகப்போகிறது என்பதைப் பெயர் சொல்லியே அடுத்த எபிசோடுக்குத் தலைப்பாக வைத்தார்கள், ரசிகர்கள் இன்றும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாறாக, 2006-இல் ‘தி மெலன்கலி ஆஃப் ஹருஹி சுஸுமியா’வைக் கதை நடந்த வரிசையைக் கலைத்து ஒளிபரப்பியபோது, முன்னோட்டத்தில் நாயகி ஹருஹி ஒரு எபிசோடு எண்ணைச் சொல்வாள், கதையைச் சொல்லும் கியோன் வேறொரு எண்ணைச் சொல்வான். அவள் சொல்வது கதையின் வரிசை, அவன் சொல்வது ஒளிபரப்பின் வரிசை. அறிவிப்பைக்கூட விளையாட்டாக்கிவிட்டார்கள். எதை எப்போது சொல்வது என்று முடிவெடுக்கப் படைப்பாளிக்கு உரிமை இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டதை அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

அதே தொடரில் 2009-இல் ‘எண்ட்லெஸ் எய்ட்’ வந்தது. கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரம், ஏறக்குறைய ஒரே கதை, எட்டு எபிசோடுகள், எட்டு வாரம். கியோட்டோ அனிமேஷன் ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தது. குரல்களையும் புதிதாகப் பதிவு செய்தார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் சுருக்கம் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேறு கிடைக்காது. ஒரே பத்தியை எட்டு முறை ஒட்டிவிடலாம்தான். உட்கார்ந்து பார்த்தவருக்கு ஆடைகள் மாறியிருப்பது தெரியும், கோணங்கள் மாறியிருப்பது தெரியும், கியோனின் களைப்பு கூடிக்கொண்டே போவது தெரியும். எட்டுச் சுருக்கத்திலும் சிறிய சிறிய மாற்றத்தோடு அதைக் கொண்டுவந்தால், அந்த வரிகளும் எபிசோடின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். யாராவது அப்படிச் செய்தால் நான் மனதாரப் பாராட்டுவேன்.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ இரண்டாவது சீசனில் 2017-இல் வந்த ‘வாரியர்’ எபிசோடைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். தொடரின் மிகப் பெரிய உண்மைகளில் ஒன்று அங்கே இசை இல்லாமல், நெருக்கக் காட்சி இல்லாமல், ஓரமாக நின்று பேசிக்கொள்ளும் பேச்சில் சர்வசாதாரணமாக வந்து விழுகிறது. "இப்போது என்ன சொன்னான்?" என்று நாம் திடுக்கிடுவதுதான் அந்த எபிசோடின் சாதனை. அந்த உண்மையைச் சுருக்கத்தில் ஒரே வரியில் போட்டால், தகவல் மட்டும் போகவில்லை. அது வந்த விதமும் சேர்ந்து போய்விடுகிறது. மறுபடி எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் திடுக்கிடல் கிடைக்காது.

வரிகளோடு சேர்த்துக் குறிச்சொற்களையும் படங்களையும் சொல்ல வேண்டும். 2011-இல் வந்த ‘மடோகா மேஜிகா’ என்ற அனிமே 12 எபிசோடுகள் கொண்டது. மூன்றாவது எபிசோடு வரை போனவர்களுக்கு, அதன் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில்கூட எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பது தெரியும். அதன் பக்கத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு குறிச்சொல்லும் அந்தக் கவனத்துக்கு எதிராக வேலை செய்யலாம். எபிசோடுக்குப் பக்கத்தில் வைக்கும் சிறு படமான தம்ப்நெயிலுக்கும் இதே பேச்சுதான்: எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்திலிருந்து எந்தப் படத்தையும் எடுக்காதீர்கள்.

அடுத்த சீசனின் விளக்கம் முந்தைய சீசனை உடைத்துவிடுவதும் நடக்கிறது. ‘தி குட் பிளேஸ்’ முதல் சீசனின் முடிவு படப்பிடிப்பு தொடங்கியபோது நடிகர்களில் கிறிஸ்டன் பெல்லுக்கும் டெட் டான்சனுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குக் கடைசி கட்டத்தில்தான் சொன்னார்கள். கூட நடித்தவர்களிடமே காப்பாற்றிய ரகசியம் அது. இரண்டாவது சீசனுக்கு நேர்மையாக என்ன எழுதினாலும் அது வெளியே வந்துவிடும். அதில் எழுதுபவரின் குற்றம் எதுவும் இல்லை. முதல் சீசனை முடித்தவருக்கு மட்டும் இரண்டாவதன் விளக்கம் தெரியும்படி தளத்தை அமைக்க வேண்டியவர்கள் பொறுப்பாளர்கள். ஒருவர் எங்கே நிறுத்தினார் என்பதை நொடிக் கணக்கில் நினைவில் வைத்திருக்கும் தளங்களுக்கு இது பெரிய காரியமாக இருக்காது.

முழுக் கதையும் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத் தொடருக்குத் திரும்புபவர், பாதியில் விட்டதை நினைவுபடுத்திக்கொள்ள விரும்புவார். தற்கொலையோ வன்முறையோ வரும் காட்சியைத் தாங்க முடியாதவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அது அவருடைய உரிமை. அவர்களுக்காக முழுச் சுருக்கம் தனியாக, விரும்பினால் மட்டும் திறக்கும்படி இருக்கட்டும். எச்சரிக்கை தனி வரியில் வரட்டும். இரண்டையும் மேலே உள்ள இரண்டு வரிக்குள் திணிப்பதால்தான் யாருக்கும் உதவாமல் போகிறது.

அப்புறம், எபிசோடை எழுதியவர் பெயரையும் இயக்கியவர் பெயரையும் அங்கேயே போடுங்கள். பிடித்த எபிசோடை எழுதியவரின் மற்ற எபிசோடுகளைத் தேடிப் போகும் பார்வையாளர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பொறுப்பாளர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். சுருக்கம் எழுதுபவருக்கு எபிசோடை முழுதாகப் பார்க்க நேரமும் அதற்கான கூலியும் கொடுங்கள். திரைக்கதையின் முதல் சில பக்கங்களையோ வேறு மொழியில் யாரோ எழுதிய சுருக்கத்தையோ நீட்டி, ஒரு நாளில் ஒரு சீசனை முடித்துத் தரச் சொன்னால் இன்றைக்குக் கிடைக்கும் வரிகள்தான் கிடைக்கும். எழுதியதைத் தொடரின் எழுத்தாளர் குழுவில் ஒருவருக்கு அனுப்பி, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தொடருக்கும் உடனே முடியாது என்றால், அடுத்து வெளியிடப்போகும் ஏதாவது ஒரு தொடரின் ஒரு சீசனில் மட்டும் தொடங்குங்கள்.

அன்புடன்,
தொடர்களை விடாமல் பார்க்கும் ஒரு பார்வையாளர்