கோட்டைக்கு வரும் நண்பனுக்கு

சூலூர்ப்பேட்டை,
கார்த்திகை 5.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக் கோட்டைக்கு வருகிறாய் என்றதில் சந்தோஷம். ஆனால் மதில், கொத்தளம் என்று மனதில் வரைந்துகொண்டு வராதே. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது அகழியின் தடமும் புதர் மூடிய மேடும்தான். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது; 1806-இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். தொல்லியல் துறை காக்கும் கல்லறைத் தோட்டத்தைக் காட்டு. 76 கல்லறைகள் இருக்கின்றன. வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கோட்டை போனாலும் பறவைகள் சரணாலயம் வந்துவிட்டதே, பழவேற்காடு ஏரிக்கு இனி என்ன குறை என்று கேட்டிருந்தாய். ஏரியின் ஆந்திரப் பக்கத்தை 1976-இலும் தமிழ்நாட்டுப் பக்கத்தை 1980-இலும் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவையைச் சுடுவதை அது தடுக்கும். ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் அடைபடுவதை எந்த அறிவிப்பு நிறுத்தும்?

தென்மேற்குப் பருவத்தில் தெண்டி வெள்ளம் என்று மீனவர்கள் சொல்லும் கரையோரக் கடல் நீரோட்டம் கரை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கியும் சொர்ணமுகியும் பெருகினால் ஏரித்தண்ணீர் வேகமாக வெளியேறி அந்த மணலைக் கடலுக்கே அடித்துவிடும். மழை பொய்த்த வருஷம் அந்த வேகம் இல்லை. மணல் திட்டாகி வாய் மூடிக்கொள்ளும். ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். சித்திரை வெயிலில் தண்ணீர் சுண்டி, உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடும். அதைவிடக் கெடுதல் இறாலுக்கு. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளர்வது ஏரியில். வாய் மூடினால் குஞ்சு உள்ளே வர வழி ஏது? கோட்டைக்குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் முறைவைத்து வலை கட்டும் பாடு வழக்கம் இருக்கிறதே, அப்போது அவரவர் பாடு வந்தும் வலை வெறுமையாகத்தான் எழும்பும்.

வாயை வெட்டித் திறப்பதிலும் பக்குவம் இருக்கிறது. ஏரி மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும்போது, அமாவாசை அல்லது பௌர்ணமி வற்றத்தில் கடைசி மணல்வரம்பை உடைக்க வேண்டும். அப்போதுதான் வெளியே பாயும் தண்ணீரே பள்ளத்தை அரித்து ஆழமாக்கும். ஏற்றத்தில் உடைத்தால் கடல் மணலோடு உள்ளே வந்து அதே வாரத்தில் தூர்த்துவிடும். அள்ளிய மணலைத் தெற்குக் கரையில் கொட்டுவது பெரிய தவறு. தெண்டி வெள்ளம் அதை அப்படியே திரும்பக் கொண்டுவரும். வடக்கே கொட்ட வேண்டும். கல்சுவர் போட்டு வாயை நிலைநிறுத்தலாம், ஆனால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் உனக்குத் தெரியும். அதனால் சேரும் மணலை வருஷாவருஷம் வடகரைக்கு மாற்றும் ஏற்பாடும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஆந்திரப் பக்கத்திலும் இதே கதிதான். ராயதொருவு முகத்துவாரம் தூர்ந்துபோகிறது. ஸ்ரீஹரிகோட்டா சாலையின் மண்கரை ஏரியை இரண்டாகப் பிரிப்பதால் வடபாதிக்கு நீரோட்டம் குறைவு.

தை மாதம் வா. பூநாரைகள் இங்கே இரைதேடத்தான் வருகின்றன. முழங்காலளவு தண்ணீரில் அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டித் தின்னும். ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் காலையிலேயே நின்றால் நன்றாகத் தெரியும். கூழைக்கடாவைக் கூட்டில் குஞ்சோடு பார்க்க நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகவேண்டும், இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடி. அங்கே யாராவது படகில் ஏற்றிப்போகிறேன் என்றால் பிள்ளைகளை ஏற்றாதே. 2011 டிசம்பர் 25-இல் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

வரும் தேதியை எழுது. வாயின் நிலையைக் குப்பத்தில் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்